நடை சாத்தியிருக்கும் நேரத்தில்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக ராமேஸ்வரம் வரை குடும்பத்தோடு காரில் கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கு,



உங்கள் பெயரும் ஊரும் எனக்குத் தெரியாது. பயணத் திட்டம் மட்டும் அநேகமாகத் தெரியும். முதல் நாள் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கால்கள் ஒத்துழைத்தால் மலைக்கோட்டை. மறுநாள் காலையில் கிளம்பி பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. இரவுக்குள் ராமேஸ்வரம். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு மாவட்டமே இருக்கிறது. உங்களுக்கு அது டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டும் இடம், பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிப்போகும் இடம். அந்த மாவட்டத்துக்காரன் எழுதும் மடல் இது.

உங்கள் பயணத்தின் பெரிய எதிரி தூரமோ டோல்கேட்டோ இல்லை, மதியம்தான். எவ்வளவு விரட்டி ஓட்டினாலும் ஏதாவது ஒரு கோயில் வாசலில் போய் இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். வண்டிக் கதவைத் திறப்பதற்குள் பூக்காரம்மா சொல்லிவிடுவார்: “நடை சாத்தியாச்சு சாமி, இனி நாலு மணிக்குத்தான்.” அதற்கப்புறம் காருக்குள் நடப்பது எல்லாக் குடும்பத்திலும் ஒன்றுதான். குளித்துக் கிளம்பத் தாமதித்தவர் யார், தோசைக்காக முக்கால் மணி நேரம் உட்காரவைத்தவர் யார் என்று விசாரணை தொடங்கும். அப்பத்தா முட்டியைத் தடவிக்கொண்டு பேசாமல் இருப்பார். பிள்ளைகள் செல்போனுக்குள் போய்விடுவார்கள். ஏசியைப் போட்டபடி மூன்று மணி நேரம் போகும். நான்கு மணிக்கு நடை திறந்ததும், விட்ட நேரத்தைப் பிடிக்க ஓட்டம். கடைசிக் கோயிலுக்குப் போகும் சாலையில் இருட்டிவிட்டிருக்கும். தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுகிறவரை நினைத்தால் பயமாக இருக்கிறது.

சொல்ல வந்தது இதுதான்: அந்த மதியத்தை எங்கள் ஊர்ப் பக்கம் கொடுங்கள். காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில் கும்பிடுங்கள். நடை சாத்தியிருக்கும் நேரத்தில், சாத்துவதற்கு நடையே இல்லாத இடங்களைப் பாருங்கள்.

உச்சிக்கால பூஜை முடிந்தால் சாமிக்கு ஓய்வு. பூஜை நடக்கும் கோயில்களின் வழக்கம் அது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் மலையிலும் பொட்டலிலும் வழிபாடு நின்றுபோன பழைய கோயில்களும் குகைகளும் நிறைய உண்டு. பலவற்றை மத்தியத் தொல்லியல் துறை காக்கிறது. அங்கே உச்சிக்காலம் கிடையாது. வரிசை கிடையாது, சிறப்புத் தரிசனச் சீட்டு கிடையாது. ‘நகருங்க, நகருங்க’ என்று தோளைத் தள்ளுகிறவர் கிடையாது. உங்கள் பிள்ளை ஒரு சிற்பத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றால் பின்னால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். பெரிய கோயிலில் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது அப்பாவின் தோளுக்கு மேலிருந்து ஒரு நொடி தீபாராதனை. அதுவும் வேண்டியதுதான். அது மட்டுமே போதாது என்கிறேன்.

முதலில் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில் அங்கே இருக்கிறது. அறிவர் கோயில் என்று பெயர். உள்ளே போனால், குடையின்மேல் குடை வைத்து அசையாமல் அமர்ந்திருக்கும் உருவங்களைப் பார்த்துப் பிள்ளைகள் ‘இது புத்தரா?’ என்று கேட்பார்கள். இல்லை, சமணத் தீர்த்தங்கரர் என்று சொல்லுங்கள். தலைக்குமேல் பாம்பு படம் விரித்திருப்பவர் பார்சுவநாதர். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இந்தக் கோயிலின் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தைக் கட்டினார். அதைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது.

பிறகு அண்ணாந்து பாருங்கள். விதானம் முழுக்க ஒரு தாமரைக் குளம். மொட்டும் மலருமாகத் தாமரை, அகன்ற இலைகள், நடுவில் மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். குளத்துக்குள் இறங்கி மனிதர்கள் பூப்பறிக்கிறார்கள். சுண்ணச் சாந்தின்மேல் இயற்கை வண்ணங்களால் தீட்டியது. பல இடங்களில் உதிர்ந்துவிட்டது, தூண்களில் இருந்த ஆடல் மகளிர் மங்கிப்போனார்கள். மிச்சமிருப்பதே கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. இதில் இருப்பது வெறும் இயற்கைக் காட்சி அல்ல, சமவசரணம் என்பது அறிஞர்கள் கருத்து. தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் தெய்விக மண்டபத்துக்குப் போகிற வழியில் பல வட்டங்களைக் கடக்க வேண்டும். அவற்றில் ஒன்று இந்தக் குளம். ஆக, அந்தப் பூப்பறிக்கிறவர்களும் உங்களைப்போல் யாத்திரை போகிறவர்கள்தான். போகும் வழியில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள், அவசரமே இல்லை. ஓவியம் எழுதியவர் சந்நிதியை எழுதவில்லை, சந்நிதிக்குப் போகும் வழியை எழுதினார். கோயில் பயணம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த விதானத்தைத்தான் காட்டுவேன்.

அதே மலையின் கிழக்குச் சரிவில் ஏழடிப்பட்டம் இருக்கிறது. இயற்கையான குகை, உள்ளே துறவிகள் படுப்பதற்காக வழுவழுப்பாகச் செதுக்கிய 17 கல் படுக்கைகள், தலைப்பக்கம் சற்றே உயர்த்திய திண்டு. பெரிய படுக்கையில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு. எருமி நாட்டில் பிறந்த ஒருவருக்காக இந்தப் படுக்கையைச் செய்துகொடுத்ததாக அது சொல்கிறது. எருமி நாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெளிநாட்டுக்காரர் ஒருவர் எங்கள் மலைக்கு வந்திருக்கிறார், உள்ளூர்க்காரர்கள் படுக்கை செய்து கொடுத்திருக்கிறார்கள். மற்றப் படுக்கைகளில் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த துறவிகளின் பெயர்கள். அத்தனை காலம் ஆள் மாறி ஆள் வந்து தங்கிய இடம் இது. ஆனால் இங்கே போக மலை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும், வெயிலுக்கு மறைப்பில்லை. அப்பத்தாவை ஏற்ற வேண்டாம். அறிவர் கோயிலைப் பார்த்துவிட்டு அவர் நிழலில் உட்காரட்டும். வயசுப் பிள்ளைகள் மட்டும் வெயில் ஏறுமுன் போய்வரட்டும்.

இரண்டாவது நார்த்தாமலை. திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்குக் கீரனூரைத் தாண்டியதும் வந்துவிடும். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே திரளும் இடம். மற்ற நாட்களில் மேலமலைப் பாறையில் ஏறினால் நீங்களும் காற்றும்தான். உச்சியை நெருங்கும்போது மேற்குப் பார்த்த கற்றளி ஒன்று தெரியும். சுற்றிலும் சிறு சிறு கோயில்கள். பெயர் விஜயாலய சோழீஸ்வரம். பெயரைக் கேட்டால் சோழன் கட்டியது என்றே தோன்றும். ஆனால் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் இதைக் கட்டியதாகவும், மழையில் சிதைந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகவும் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சையைச் சோழர்கள் பிடிக்குமுன் இந்தப் பக்கம் செல்வாக்கோடு இருந்த முத்தரையர்கள் இவர்கள். உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: வெளியே சதுரமாகத் தெரியும் விமானத்துக்குள் கருவறை வட்டமாக இருக்கும். கணக்குப் பாடம் பிடிக்காத பையன்கூட ‘அது எப்படி?’ என்று சுற்றிச் சுற்றி வருவான்.

எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். பெரியதற்குச் சமணர் குடகு என்று பெயர். ஆனால் உள்ளே நிற்பவர்கள் ஆளுயரத் திருமால்கள், பன்னிரண்டு பேர். சமணருடையதாக இருந்த குகை பின்னால் விஷ்ணு கோயிலானது; பழைய பெயர் மட்டும் மக்கள் வாயில் நின்றுவிட்டது. சின்னது பழியிலி ஈஸ்வரம், சிவனுடையது. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் முத்தரையர் குடும்பத்தவர் குடைந்தது. ஒரே பாறை மேடையில் நின்று முகத்தைத் திருப்பினால் சமணம், சைவம், வைணவம் மூன்றும் தெரிகின்றன. இவர்கள் எப்போதும் கட்டித்தழுவிக்கொண்டு இருந்தார்கள் என்று நான் கதைவிடவில்லை. ஒன்று போய் ஒன்று வந்த இடம் இது. எப்படிப் போனது, எப்படி வந்தது என்பது உங்கள் பிள்ளைகள் பெரியவர்களாகிக் கேட்கவேண்டிய கேள்வி. கேட்பதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டும் இல்லையா?

ஓர் எச்சரிக்கை. மதியத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று மேலே எழுதியதை நம்பிச் சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் நார்த்தாமலை ஏறிவிடாதீர்கள். பாறை கொதிக்கும். அதற்கு விடிகாலைதான் நேரம்; ஆறரை மணிக்கு ஏறினால் ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம். அரையாண்டு விடுமுறையில் வருகிறவர்களுக்கு மார்கழி வெயில் இதமாக இருக்கும். கோடையில் வருகிறவர்களுக்கு உச்சி வேளைக்குக் குகை இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் தமிழ்நாட்டின் பெரிய அருங்காட்சியகங்களில் ஒன்று. செப்புத் திருமேனிகளும் கற்சிற்பங்களும் தலைக்குமேல் கூரையோடு இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே கோகர்ணேஸ்வரர் கோயில். அங்குள்ள பிரகதாம்பாள்தான் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அம்மன் காசு என்று அவர்கள் வெளியிட்ட செப்புக் காசில் அவளுடைய உருவம் இருந்தது. காசைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்துவிட்டு, நடை திறந்திருக்கும் நேரமானால் அம்மனை நேரில் கும்பிடலாம்.

மூன்றாவது திருமயம், புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர், நீங்கள் போகும் சாலையிலேயே. மேலே 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. அடிவாரத்தில் ஒரே மலையைக் குடைந்து அடுத்தடுத்து இரண்டு கோயில்கள்: சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள். பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. மூன்று, மூன்றரை மணிக்குக் கோட்டையில் ஏறிச் சுற்றிவிட்டு இறங்கினால் கோயில் திறக்கும் நேரம் சரியாக இருக்கும். உள்ளே பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தை ஒரே பார்வையில் அளக்க முடியாது. மது, கைடபர் என்ற அசுரர்களை நோக்கி ஆதிசேஷன் விஷ ஜுவாலையைக் கக்க, அவர்கள் ஓடுகிறார்கள். பெருமாள் பதறவில்லை. பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவிட்டுப் பிறகு காட்டுங்கள். அசுரர்களை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

இந்த இரண்டு கோயில்களுக்கும் ஒரு காலத்தில் சொத்து, வருமானம் குறித்து நீண்ட வழக்கு இருந்தது. 1245இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் சபை கூடி அதைத் தீர்த்துவைத்தது, கல்வெட்டில் இருக்கிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நடந்த வீட்டுக்காரர்கள் யாராவது உங்கள் காரில் இருந்தால் இந்தக் கல்வெட்டை நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

ராமேஸ்வரம் போகாமல் விராலிமலை வழியாக மதுரை போகிறவர்களுக்குக் கொடும்பாளூர். மூவர் கோயில் என்று கேளுங்கள். வரிசையாக மூன்று கட்டியதில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிச்சம். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தன் பெயரால் ஒன்றும், தன் தேவியர் கற்றளி, வரகுணை பெயரால் ஒவ்வொன்றும் எடுப்பித்தான். சிலப்பதிகாரத்திலும் இந்த ஊர் வருகிறது. மதுரை போகும் வழி மூன்றாகப் பிரிவது கொடும்பையில்தான் என்று கோவலனுக்கு வழி சொல்லப்படுகிறது. கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகளும் நடந்து போன தடம், இன்று நீங்கள் நான்கு வழிச் சாலையில் கடக்கும் பகுதி.

இதைப் படித்ததும் உங்களில் சிலர் கேட்கக்கூடியவை எனக்குத் தெரியும். ‘வேண்டுதல் இருக்கிறதே?’ வேண்டுதலை முதலில் முடியுங்கள். முடிகாணிக்கை, காதுகுத்து, தீர்த்தம் எதையும் விடச் சொல்லவில்லை. அவற்றோடு, நடுவில் சேர்ந்துகொண்ட ‘வந்ததுதான் வந்தோம், அதையும் பார்த்துவிடுவோம்’ கோயில்களில் ஒன்றைக் குறைக்கச் சொல்கிறேன். ‘பூஜை இல்லாத இடத்துக்குப் போய் என்ன பலன்?’ என்று பெரியவர்கள் கேட்டால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே விளக்கெரிந்தது என்று சொல்லுங்கள். பாறைமேல் ஏறி, ஒவ்வொரு கல்லாகச் செதுக்கி, நெய்க்கு ஆடு கொடுத்து, நிலம் எழுதிவைத்துக் கும்பிட்டவர்களும் நம் ஆட்கள்தான். அவர்கள் கும்பிட்ட இடத்தில் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் பலன் குறைந்துபோகாது.

வருகிறவர்களிடம் எங்களுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. கல்வெட்டு எழுத்து தெரியவில்லை என்று அதன்மேல் சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது பார்த்தால் தானே தெரியும். சித்தன்னவாசல் ஓவியத்தில் பிள்ளைகள் கைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேமரா ஃபிளாஷ் வேண்டாம். காதலர்கள் பெயரைக் கீறிய சுவர்கள் எங்களிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. இலையிலோ டப்பாவிலோ கட்டிவந்த புளியோதரையை மலைக்குக் கீழே மரத்தடியில் சாப்பிடுங்கள், குப்பையை வண்டியிலேயே எடுத்துப் போங்கள். தண்ணீர் நிறையக் கொண்டுவாருங்கள்; மலைமேல் கடை இல்லை. வழிபாடு இல்லாவிட்டாலும் கோயில் கோயில்தான்: லிங்கத்தின் பக்கத்தில் ஏறி நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். காவலாளி இருந்தால் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்தக் குகையில் எந்நேரம் வெளிச்சம் நன்றாக விழும் என்று எந்த மேப்பிலும் இல்லாத தகவல் அவரிடம் இருக்கும்.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ தங்குங்கள். விடிந்ததும் நார்த்தாமலை. பத்து மணிக்குச் சித்தன்னவாசல். உச்சி வேளையில் புதுக்கோட்டையில் சாப்பாடு, அருங்காட்சியகம். மூன்றரைக்குத் திருமயம் கோட்டை, நடை திறந்ததும் பெருமாளும் சிவனும். பிறகு பிள்ளையார்பட்டி, அது முடிந்தால் காரைக்குடியில் இரவுத் தங்கல். ராமேஸ்வரம் ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தீர்த்தமாடுகிறவர்கள் விடிகாலையில் ஆடத்தானே விரும்புவீர்கள்? காரைக்குடியிலிருந்து இருட்டோடு கிளம்பலாம். ஒரு நாள் கூடுதலாக எடுக்க முடியாதவர்கள் மேலே சொன்னதில் சித்தன்னவாசலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் பயணத் திட்டம் எழுதும் தாளை மேசையில் விரிக்கும்போது, கோயில்களின் எண்ணிக்கையைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்வதற்காக எழுதாதீர்கள். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து உங்கள் பெண் எதைப் பற்றிப் பேசுவாள் என்று யோசித்து எழுதுங்கள். அப்படி யோசித்தால் எந்தக் கோயிலை அடிப்பது, எந்தப் பாறையைச் சேர்ப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அடிபட்ட கோயிலின் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த வருடமும் அங்கேயேதான் இருப்பார்.

வாருங்கள். வழி கேட்டால் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
நீங்கள் கடந்துபோகும் சாலையோரத்துப் புதுக்கோட்டைக்காரன்